வேலியைத் தின்ற வெள்ளைப் பூச்சி

எழுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி, பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வந்திருந்தேன். எங்கள் கடலைக் காடு ஏரியை ஒட்டி இருந்தது. என்ன பிரயோசனம்? ஏரி முழுக்க ஆகாயத்தாமரை. அது மதகை அடைத்துக்கொண்டு சொட்டுத் தண்ணீர் விடாது. ஆள் வைத்து அள்ளினாலும் அடுத்த மழைக்குள் பழையபடி மூடிவிடும்.

என் மாமனாருக்குச் சும்மா இருக்க வராது. முன்பு ஊரெல்லாம் மண்டிக் கிடந்த சப்பாத்திக்கள்ளியை ஒரு பூச்சிதான் அழித்ததாம். "கள்ளியவே தின்ன பூச்சிக்கு இந்தத் தண்ணிச் செடி எம்மாத்திரம்?" என்று சொல்லி, எங்கிருந்தோ கூடை நிறையக் கள்ளித் துண்டுகள் கொண்டுவந்தார். அவற்றின்மேல் வெள்ளைப் பஞ்சு அப்பியிருந்தது. அதற்குள்தான் பூச்சி. பாதியை ஏரிச் செடிகள்மேல் வைத்தார். மீதி விதைக்கு இருக்கட்டும் என்று பத்திரமாக எங்கள் காட்டு வேலியில் செருகினார். அந்த வேலியே சப்பாத்திக்கள்ளிதான். அது அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

ஏரியில் ஓர் இலைகூட வாடவில்லை. வேலியோ வெளுத்துக்கொண்டே வந்தது. எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒருநாள் மாமியார் அந்தப் பஞ்சை நசுக்கிப் பார்த்தார். விரலெல்லாம் ரத்தச் சிவப்பு. "வேலி ரத்தங் கக்குதுடீ. ஏரியாத்தாளுக்கு ஆவல போலிருக்குது" என்று கற்பூரம் ஏற்றினார். அது பூச்சிக்குள் இருக்கும் சாயம் என்று தெரியாமல் நானும் பயந்துபோய்க் கூடவே கும்பிட்டேன்.

கடலை பூ விட்ட நேரத்தில் வேலி அழுகிச் சரிந்தது. ஊர் ஆடுகள் உள்ளே புகுந்து ஒரே பகலில் காட்டை மொட்டையாக்கிவிட்டன. மாமனார் வரப்பில் உட்கார்ந்து, "தின்னச் சொன்னதத் தின்னல, நம்ம வேலியத் தின்னுபுட்டுது. என்ன பூச்சிம்மா இது?" என்று என்னைக் கேட்டார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். அந்த வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் கூலிக்குப் போய்த்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. ஊர் மாமனாருக்குப் பூச்சிக்காரர் என்று பெயர் வைத்தது. சாகும்வரை அந்தப் பெயர் போகவில்லை.

பல வருஷம் கழித்து, அவர் போன பிறகு, ரேடியோவில் கேட்டேன். ஆகாயத்தாமரையை மட்டும் தின்னும் ஒரு வண்டை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து ஏரிகளில் விடுகிறார்களாம். யோசனை சரிதான், பூச்சிதான் வேறு. யாராவது கிறுக்குத்தனமாக ஏதாவது செய்தால் ஊரோடு சேர்ந்து சிரிக்க இன்றும் எனக்கு வாய் வருவதில்லை. அந்த ரேடியோச் சேதியை அவரிடம் சொல்ல முடியாமல் போயிற்றே என்ற ஆற்றாமைதான் வருகிறது.