பேட்டரிக்கு ஒரு தனிக் கொட்டகை

அந்தக் கேள்வியை நான் ஏன் மாமனார் முன்னால் கேட்டேன்? ஆறு வாரமாக என்னை நானே கேட்டுக்கொள்கிறேன், பதில் கிடைக்கவில்லை. இன்வெர்ட்டர் கடைக்காரர் இடம் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார். மாமனார் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, சார்ஜ் ஏறுறப்ப பேட்டரில இருந்து கேஸ் எதுவும் வருமா? பிள்ள தவழுற வீடு" என்றேன்.

"லேசா வரும்மா. பக்கத்துல ஜன்னல் இருந்தாப் போதும்."

மாமனார் பேப்பரை மடித்து வைத்தார். போனில் கேட்டிருக்கலாம். முதல் நாள் கடையிலேயே கேட்டிருக்கலாம். அவருக்கு இடது காது கேட்காது. அந்தப் பக்கமாவது நின்று கேட்டிருக்கலாம்.

எம். புதுப்பட்டிப் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் முப்பது வருடம் போர்மேனாக இருந்தவர் அவர். அந்தக் காது எப்படிப் போனது என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அவரிடம் போய்க் 'கேஸ்' என்ற வார்த்தையைச் சொன்னவள் நான்.

பேட்டரி வாங்கச் சொன்னதும் நான்தான். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்யும் குறிப்புகளை எழுத்தாக்கித் தரும் வெளியூர்க் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். வந்த எழுத்தைப் பிழை பார்த்து அனுப்ப வேண்டும். காலை எட்டு முதல் மாலை நாலு வரை கம்ப்யூட்டர் இணைப்பிலேயே இருக்க வேண்டும். பிள்ளை பிறந்தபின் கிடைத்த முதல் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்குள் மூன்று முறை இணைப்பு அறுந்தால் வேலை இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளன்று முதல் முறை அறுந்தது. "வீட்டில் பேக்கப் வைத்துக்கொள்ளுங்கள்" என்று மேலதிகாரி எழுதினார்.

ஒரு நோட்டு எடுத்து எழுதினேன். என் கம்ப்யூட்டர் எத்தனை வாட், இன்டர்நெட் பெட்டி எத்தனை, ஒரு மின்விசிறி எத்தனை. என் கணவர் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டரும் பட்டாசுப் பெட்டி லேபிளும் வடிவமைக்கிறார். சீசனில் வீட்டிலும் வேலை செய்வார். அவருடைய கம்ப்யூட்டர் என்னுடையதைப் போல் இரண்டு பங்கு இழுக்கும். அதையும் எழுதினேன். மேஜைக்கடியில் வைக்கும் சின்ன யுபிஎஸ் கால் மணி நேரம்கூடத் தாங்காது, கோப்பைச் சேமித்து அணைக்கத்தான் அது உதவும் என்று புரிந்தது. கரண்ட் போகும் நொடியில் கம்ப்யூட்டர் அணையாமல் மாற்றிவிடும் வகை இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும்தான் எனக்கு வேண்டும். இவ்வளவும் படித்துவிட்டுக் கடைக்குப் போனால், அண்ணாச்சி முதலில் கேட்டது, "சாரு வரலையாம்மா?"

"நான்தான் வாங்குறேன்."

"சரிம்மா. எத்தன பேனு, டிவி உண்டா?"

"டிவி வேண்டாம். ரெண்டு கம்ப்யூட்டர். நாலு மணி நேரம் நிக்கணும்."

"கம்ப்யூட்டருக்கா அம்புட்டும்?" என்று அவர் சிரித்தார். எனக்கு எரிந்தது. ஆனாலும் நல்ல பேட்டரியைத்தான் கொடுத்தார். அவர்மீது இன்று எனக்குக் கோபம் இல்லை.

கோபம், அவர் வீட்டுக்கு வந்து இடம் பார்த்துவிட்டுப் போனதற்கு அடுத்த நாளில் இருந்து தொடங்குகிறது. இன்வெர்ட்டரைப் படுக்கையறைச் சுவரில் மாட்டினார்கள். பேட்டரியை மட்டும் உள்ளே விடமாட்டேன் என்று மாமனார் வாசலில் நின்றார். பின்பக்கம் காம்பவுண்டு ஓரத்தில் பழைய தகரக் கொட்டகை இருக்கிறது. அங்கே வைக்கச் சொன்னார்.

"ஐயா, பேட்டரிக்கும் மிஷினுக்கும் நடுவுல வயரு நீளக்கூடாது. ரெண்டு மூணு அடிக்குள்ள இருக்கணும்" என்றார் அண்ணாச்சி.

"நீரு யாவாரி. நான் முப்பது வருசம் வெடிமருந்துக்குள்ள நின்னவன். ஒரு ரூமுக்கு ஒரு சரக்கு, ரூமுக்கு ரூம் தூரம். தெரியுமாய்யா ஒமக்கு?"

"அது பட்டாசுக்குய்யா. இது வெறும் பேட்டரி."

"பட்டாசுன்னா எனக்குப் பயமே கெடையாதே. அது என்ன செய்யும்னு தெரியும். இது தெரியாதுல்ல?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் அப்பாவைப் பார்த்துவிட்டு, "அப்பா சொல்றபடியே வச்சிருங்க அண்ணாச்சி" என்றார்.

கொட்டகைக் கதவை மாமனாரே கழற்றி, வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி மாட்டினார். வாசலில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர். மோட்டாருக்கு வாங்கி மிச்சமிருந்த வயரைச் சுவரோரமாக முப்பது அடிக்கு இழுத்து, ஆணி அடித்து அழகாகக் கட்டினார். அவர் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் என்னை இன்னும் ஆத்திரப்படுத்துகிறது.

போன மாதப் பராமரிப்பு நாள் வந்தது. அச்சகத்தில் ஜெனரேட்டர் மிஷின்களுக்கே சரியாகிவிடும் என்பதால் என் கணவரும் அன்று வீட்டில் இருந்தார். ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. என் கம்ப்யூட்டர் அசையவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. கால் மணி கழித்து அவர் தன் கம்ப்யூட்டரைப் போட்டார். இன்வெர்ட்டர் கீச் கீச்சென்று கத்தியது, இரண்டும் அணைந்தன. ஒரு நோயாளியின் குறிப்பு பாதியில் நின்றது. இரண்டாவது முறை.

"நீதான நோட்டுப் போட்டு வாங்குன?" என்றார் என் கணவர்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றும் அவரோடு சரியாகப் பேசவில்லை. கொட்டகையில் வைக்கச் சொன்னது யார் என்று நான் அன்று கேட்கவில்லை. மருமகள் அப்படிக் கேட்கக் கூடாது என்று நினைத்தேனா, நானேதான் தப்பாகக் கணக்குப் போட்டேன் என்று பயந்தேனா, தெரியவில்லை. நோட்டை எடுத்து மறுபடி கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரிதான்.

அப்புறம் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். "நான் அன்னிக்கே சொன்னேனேம்மா. வயரு நீளமும் கூட, மெலிசும் கூட. பேட்டரில கரண்ட் இருக்கும், மிஷினுக்கு வந்து சேராது. தீந்துபோச்சுன்னு நெனச்சு அணைஞ்சுக்கும். லோடு ஓடையில அந்த வயரத் தொட்டுப் பாருங்க."

மூன்று வாரம் கழித்துச் சின்னதாய் ஒரு மின்வெட்டு வந்தபோது தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. பிள்ளை பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும் உயரத்தில், படுக்கையறைச் சுவரோரம், சூடாக.

"மாமா, இங்கன வந்து இதத் தொட்டுப் பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பிள்ளைக்குப் பயந்து வெளிய வச்சீக. இப்ப பிள்ள பக்கத்துல எது சுடுதுன்னு பாருங்க."

தொட்டார். முகம் மாறியது. உடனே இன்வெர்ட்டரை அணைத்தார். கொட்டகைக்குப் போய் வயரைக் கழற்றிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"கழட்டியாச்சு. இனி ஒண்ணும் வேண்டாம்."

"என் வேல போயிரும் மாமா."

"வேல போனா வேற வேல வரும், தாயி. பிள்ளைக்கு ஒண்ணுன்னா?"

அழுதுவிடக் கூடாது என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். பிள்ளைக்காக நான் பயந்தால் இந்த வீட்டில் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். வேலைக்காக நான் பயந்தால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு பயமும் ஒரே ஆளுடையதுதானே?

அன்று மாலை மாமனாரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் மேஜைப் பக்கம் வந்தார். "தாயி, நான் பிடிவாதக்காரன்தான். தப்பு பண்ணிட்டேன். இப்ப நீ சொல்லு, எங்கன வைக்கட்டும்? நீ கை காட்டுற எடத்துல வைக்கேன். ஆனா இந்த எடத்துல பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீ ஒன் வாயால சொல்லணும்."

நான் கேட்க நினைத்ததெல்லாம் கிடைத்துவிட்டது. அதன்பின் நான்கு நாளாக அளவு நாடாவோடு வீட்டைச் சுற்றுகிறேன். படுக்கையறை ஜன்னலுக்கடியில் வைத்தால் வயர் இரண்டே அடி. பிள்ளை தூங்குவதும் அங்கேதான். பின்கதவு நடையில் காற்று நன்றாக வரும். ஆனால் பகலெல்லாம் அவள் தவழ்வது அந்த நடையில்தான். மாடிப்படிக்கடியில் ஜன்னலே இல்லை. கேஸ் வராத லித்தியம் பேட்டரிக்கு மாற்றித் தர அண்ணாச்சி சம்மதிக்கிறார். எலெக்ட்ரிக் வண்டிகளில் தீப்பிடித்து எரிகிறதே அதுதானே என்று என் கணவர் கேட்கிறார். இதுவும் அதுவும் வேறு என்று அண்ணாச்சி சொல்கிறார். எவ்வளவு வேறு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றும் இப்போது தெரியவில்லை. கை காட்ட முடியாமல் நிற்பவள் நான்தான்.

அடுத்த பராமரிப்பு வரும் வியாழக்கிழமை. இணைப்பு மூன்றாவது முறை அறுந்தால் நான் வேலையில் இல்லை. நடக்கப் பழகும் பிள்ளை இருக்கும் வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். எந்த இடத்தில் வைத்தீர்கள்? எதைப் போட்டு மூடினீர்கள்? மூடியபின் காற்றுக்கு எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்? லித்தியத்துக்கு மாறியவர்கள் எத்தனை கோடைக்காலம் பார்த்துவிட்டீர்கள்? புதன்கிழமைக்குள் யாராவது சொன்னால், மாமனாரிடம் நான் ஓர் இடத்தைக் காட்ட முடியும்.