பரளச்சிப் பக்கம் ஒரு மடிப்பிச்சை

எனக்கு நாற்பத்து மூன்று வயது. அருப்புக்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். தானமாகப் பெற்ற கருமுட்டையில் உருவான கருவை மதுரையில் என் வயிற்றில் வைப்பதற்கு முந்தைய வாரம், கணவரின் குலதெய்வத்தைக் கும்பிடக் கிளம்பினோம். இதே வழியில் இருப்பவர்களுக்கு உதவட்டுமென்று எழுதுகிறேன்.

முட்டை கொடுத்தவள் யாரென்று சொல்ல மாட்டார்கள், சட்டம் அப்படி. சின்ன வயது, சொந்தப் பிள்ளை ஒன்று உண்டு, அவ்வளவுதான் தெரியும். "முட்டைக்கு வயசு கம்மி, அது நல்லது. இனி உங்க கர்ப்பப்பை உள்சுவர், தைராய்டு, சுகர், கருவோட தரம் எல்லாம் ஒத்து வரணும். வந்தும் சில சமயம் ஒட்டாதும்மா" என்றார் டாக்டர். என் பயமோ வேறு. ஒட்டிப் பிறந்த பிறகு அவள் வந்து பிள்ளையைக் கேட்டால்?

காலை 10.40 பஸ். முக்கால் மணி நேரத்தில் பரளச்சி. அங்கிருந்து கோயில் ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். இருபுறமும் சீமைக்கருவேலம், எங்கோ கரிமூட்டப் புகை. ஒரு ஆடுகூடக் கண்ணில் படவில்லை.

பிள்ளை வரம் கேட்பவள், பிள்ளை பெற்றவர்களிடம் மடியேந்தி அரிசி வாங்கித்தான் அங்கே பொங்கல் வைக்க வேண்டும். "உச்சிநேரத்துல மடியேந்தக் கூடாதுக்கா. வெயில் தாழட்டும்" என்றார் ஆட்டோக்காரர். கடையை நினைத்துக்கொண்டு கணவர் அவசரப்படுத்தினார். நானும் இறங்கிவிட்டேன்.

கோயிலை ஒட்டிய தெருவே அடைத்துக் கிடந்தது. கடைசி வீட்டுக் கதவு மட்டும் ஒருக்களித்திருந்தது. "தாயி, மடிப்பிச்சை" என்றேன். உள்ளிருந்து ஒரு கை நீண்டது. முகம் தெரியவில்லை. அரிசி முந்தானையில் விழுந்ததும் அந்தக் கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. சில்லென்று இருந்தது.

"யாரும்மா அது?" உள்ளே ஒரு குழந்தை கேட்டது.

"நம்ம ஆளுதான்" என்றாள். பிறகு என்னிடம், தாழ்ந்த குரலில்: "போயிட்டு வாங்க. திருப்பிக் கேக்க மாட்டேன்."

நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத பயம் அது. கையை உருவிக்கொண்டு போய் அந்த அரிசியிலேயே பொங்கல் வைத்தேன். அவள் சொன்னதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

போகிறவர்கள் தண்ணீர் எடுத்துப் போங்கள், வழியில் கடை கிடையாது. டாக்டரிடம் கேட்காமல் கிளம்பாதீர்கள். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள். வெயில் தாழ்ந்தபின் மடியேந்துங்கள்.

நேற்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஒட்டியிருக்கிறது. கணவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் கடைக்குக் கிளம்பியதும், திருப்பிக் கேட்க மாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தும், பட்டப்பகலில், வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.