காதுக்காரர் தேர்ந்தெடுத்த என்ஜின்

பட்டறைத் தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. காதுக்காரர் என்றால்தான் தெரியும். முழ நீளமுள்ள ஒரு ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற என்ஜின் மேல் வைத்து, மரப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். அரை நிமிஷம். பிறகு "மூணாவது வால்வு" என்பார், அல்லது "சுத்தம்" என்பார். சுத்தம் என்று சொல்லிவிட்டால் அந்த என்ஜினை அப்புறம் யாரும் திறப்பதில்லை.

மற்ற மெக்கானிக்குகள் சந்தேகம் வந்தால் கழற்றி அளந்து பார்ப்பார்கள். அவருக்கு அது இளப்பம். "கேக்கத் தெரியாதவன்தான் கழட்டுவான்" என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பாதி உண்மை, பாதி கர்வம். தொடர்ந்து சரியாகவே சொல்லி வருகிற ஒருவரிடம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க யாருக்கும் அவசியம் வரவில்லை.

அவர் மனைவியின் தம்பி ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தான். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், கூரை கிடையாது, அவனைவிட நாலு வயது மூத்தது. பழைய கார்களுக்கென்று நடக்கும் மலையேற்றப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தான். பதினோரு வளைவுகள், ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமில்லை. பந்தயத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது காரின் என்ஜின் பிளாக் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது. வெல்டர் விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கைவிரித்தார்.

மாற்றுவதற்கு இரண்டு என்ஜின்கள் கிடைத்தன. ஒன்று அதே காருக்குப் பிறந்தது. வெள்ளம் புகுந்த ஒரு கொட்டகையில் கிடந்து துருவேறியிருந்தது. சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் வரவழைத்துப் போட ஆறு வாரம் ஆகும். இன்னொன்று அதைவிடப் பெரியது. பின்னாலிருந்து லாரி மோதி நசுங்கிப்போன ஒரு காரின் முன்பகுதியிலிருந்து கழற்றியது. யாரோ அதைக் கழுவி, வெள்ளிப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தது.

"பெருசையே போட்டுடலாம் மாமா. ஏத்தத்துல பிச்சிக்கிட்டுப் போகும்" என்றான் மச்சினன்.

"பிச்சிக்கிட்டுப் போறது சரி மாப்ள. எதப் பிச்சிக்கிட்டுப் போகும்னு பாக்கணும்ல."

அவர் அவசரப்படவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அட்டையை வெட்டி, பெரிய என்ஜினின் வெளிவடிவத்தைச் செய்து காருக்குள் இறக்கிப் பார்த்தார். பானெட்டுக்கு அரை விரல் இடம் மிஞ்சியது. அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப் குறுக்குச் சட்டத்தில் இடித்தது. சம்ப்பை வெட்டி வேறு வடிவத்தில் ஒட்டித் தரும்படி வெல்டரிடம் கொடுத்தார். எடை நாற்பது கிலோ கூடுவதால் முன்பக்க ஸ்பிரிங் சுருள்களையும் பிரேக்கையும் மாற்றினார். என்ஜினைத் தாங்கும் கால்களை இரண்டு விரல் அகலம் பின்னுக்குத் தள்ளினார். வெளியில் அளக்கக்கூடிய எதையும் கண்மதிப்பில் விடவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு மட்டும் அளவுகோல் எடுக்கவில்லை. அதற்குத்தான் காது இருந்ததே.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பெரிய என்ஜினை இரும்புத் தாங்கியில் ஏற்றி ஓடவிட்டார்கள். மச்சினன் இருந்தான். வெல்டர் என்ஜின் கால்களுக்கான தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவரும் இருந்தார். அவருடைய வேனுக்குப் போன மாதம்தான் காதுக்காரர் இதேபோல வேறு என்ஜின் பார்த்துக் கொடுத்து மாட்டியிருந்தார். நன்றி சொல்லப் பலகாரப் பொட்டலத்துடன் வந்து, அதைப் பிரித்து முக்கால்வாசியைத் தானே தின்றுகொண்டிருந்தார்.

காதுக்காரர் கண்ணை மூடினார். என்ஜின் ஆழமாக, நிதானமாக உறுமியது. வெல்டர் கிரைண்டரை நிறுத்தினார். முகமூடியை மேலே தூக்கி, என்ஜினைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். வேன்காரரின் கை பொட்டலத்துக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு கணம் நின்றது.

"சுத்தம்" என்று கண்ணைத் திறந்தார் காதுக்காரர்.

"அண்ணே, நல்லாக் கேட்டீங்கல்ல?" என்றார் வெல்டர்.

"ஏன், உனக்கு என்ன கேட்டுச்சு?"

"எனக்கு என்ன கேக்கப்போகுது? கிரைண்டரோட குடும்பம் நடத்துறவன். சும்மாக் கேட்டேன்."

"யார்கிட்ட எதக் கேக்குறான் பாருங்க!" என்று வேன்காரர் வாய் நிறையச் சிரித்தார். "விட்டா டாக்டர் நெஞ்சுலயே குழாய வச்சுப் பாப்பான் போல."

எல்லோரும் சிரித்தார்கள். முகமூடி மறுபடி கீழே இறங்கியது.

காதுக்காரரின் மனைவிக்கு மட்டும் ஒரு விஷயம் தெரிந்திருந்தது. தெரிந்தும் அதைத் தனக்குள்ளேயே சொல்லிப் பார்க்காமல் இருந்தாள். பத்து மாதத்துக்கு முன்னால் அவருக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்திருந்தார். ஜுரமானியை வாயில் வைத்துவிட்டு, அது கூவினால் எடுக்கச் சொல்லித் தையல் மெஷினுக்குத் திரும்பினாள். அது கூவியது. அவர் எடுக்கவில்லை. வாயில் அதை வைத்தபடி, சமர்த்தாக, சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அது கூவி ஓய்ந்த பிறகும் காத்திருந்தார். "இன்னும் எவ்ளோ நேரம்?" என்று புருவத்தால் கேட்டார். அவள் போய் உருவிக்கொண்டு, "ஜுரம் இறங்கிடுச்சு" என்றாள். ஜுரம் இறங்கிவிட்டது. அதனோடு வேறு ஏதோவும் இறங்கிப் போய்விட்டது.

தடித்த சத்தமெல்லாம் அவருக்குக் கேட்டது. பேச்சு கேட்டது, லாரி கேட்டது, கதவைச் சாத்துவது கேட்டது. மெல்லியதும் கூர்மையானதுமான சத்தங்கள் மட்டும் உலகத்தைவிட்டுப் போயிருந்தன. அவை போய்விட்டன என்று அவருக்குத் தெரிய வழியில்லை. சத்தம் கேட்காமல் இருப்பதும் சத்தமே இல்லாமல் இருப்பதும் உள்ளிருந்து பார்த்தால் ஒன்றுதான். அந்தப் பத்து மாதமாக என்ஜின்கள் முன்பைவிடச் சுத்தமாக வருகின்றன என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் மச்சினன் காரை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தான். மறுநாள் பந்தயம். அக்காவிடம் காட்டாமல் போக அவனுக்கு மனம் வரவில்லை. கழுத்தில் அளவுநாடாவோடு அவள் வெளியே வந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ரெண்டு பேர்தான் உக்கார முடியும்னா, உன் பொண்டாட்டி வந்தப்புறம் புள்ளைய எங்கடா வைப்ப?"

"மாமா மடியிலதான்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தலையைச் சாய்த்தாள். "அது என்னடா தட்டுது?"

"எது?" என்றார் காதுக்காரர்.

"டிக் டிக்குனு. ரெண்டு ரெண்டா. என் மெஷின்ல ஊசி வளைஞ்சா இப்படித்தான் தட்டும்."

"இந்த என்ஜினோட சுபாவமே அதுதான்க்கா" என்றான் மச்சினன்.

"இது என்ன தையல் மெஷினா? உனக்கு என்ன தெரியும், சொல்ல வந்துட்ட!" காதுக்காரரின் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. அது அவருக்கே தெரிந்தது. பிறகுதான் மச்சினன் சொன்னது அவர் மனதில் போய் உட்கார்ந்தது. "சுபாவமா? அப்ப நீயும் கேட்டியா?"

"கேட்டுச்சு மாமா."

"எப்போலேர்ந்து?"

"தாங்கியில வச்சு ஓட்டினோமே, அன்னிக்கே. நீங்க சுத்தம்னு சொன்னீங்க. அதான்… எனக்குத்தான் தெரியலன்னு விட்டுட்டேன்."

வெல்டரின் முகமூடி மேலே போனது அவருக்கு நினைவு வந்தது. நடுவழியில் நின்ற வேன்காரரின் கை நினைவு வந்தது. அங்கிருந்த மூன்று பேருக்கும் கேட்டிருக்கிறது. கேட்ட மூன்று பேரும், கேட்காத ஒருவரை நம்பி, தங்கள் காதைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

அவர் போய் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்தார். பானெட்டைத் தூக்கி, நுனியை வைத்து, கண்ணை மூடினார். உறுமல் இருந்தது. கனமான, வட்டமான உறுமல். அதற்கு மேலே, எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும் இடத்தில், வழவழவென்று ஒன்றுமில்லாமல் இருந்தது.

"ஏம்மா, இங்க வா" என்றார். குரல் இப்போது இறங்கியிருந்தது. பிடியை அவள் காதோரம் வைத்தார். "கேக்குறத அப்படியே என் கையில தட்டு."

அவள் கண்ணை மூடவில்லை; அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரலால் அவர் மணிக்கட்டில் தட்ட ஆரம்பித்தாள். இரண்டு தட்டு. இடைவெளி. இரண்டு தட்டு. இடைவெளி. அவர் நுனியை அடுத்த சிலிண்டருக்கு நகர்த்தினார், தட்டு லேசானது. அதற்கடுத்ததில் விரல் நகம் பதிகிற அளவுக்குக் கனத்தது.

அந்த இரட்டைத் தட்டை அவர் முப்பது வருஷமாக அறிவார். பிஸ்டனையும் அதைத் தள்ளும் தண்டையும் இணைக்கிற பின், அந்தச் சின்ன இரும்பு முளை, தளர்ந்தால் வருவது. உரிமையாளர்களிடம் அவரே பல தடவை சொல்லியிருக்கிறார்: சமதரையில் சும்மா தட்டிக்கொண்டிருக்கும், ஏற்றத்தில் மிதித்தால் சொல்லாமல் கொள்ளாமல் தண்டு பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வரும், பின் சக்கரம் அந்த ஆயிலிலேயே வழுக்கும்.

அவர் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி உருவினார்.

"நாளைக்கு ஒரே ஒரு ஏத்தம்தான் மாமா. மூணு நிமிஷம். அதுக்கப்புறம் பிரிச்சுக்கலாம்."

"முடியாது."

"நீங்கதானே சுத்தம்னு சொன்னீங்க!"

"எனக்குக் கேக்கல மாப்ள." அவர் சாவியைப் பார்த்துச் சொன்னார். "அன்னிக்கும் கேக்கல. இப்பவும் கேக்கல. காய்ச்சல் வந்ததுலேர்ந்தே கேக்கலன்னு நினைக்கிறேன்."

மனைவி அளவுநாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை மலையில் பந்தயம் நடந்துகொண்டிருந்த நேரத்தில் பட்டறையில் என்ஜினைக் கழற்றினார்கள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் காரணம் தேடிக் கழற்றினார். மூன்றாவது பிஸ்டனில், அந்த முளையை இரு பக்கமும் பிடித்து வைக்கிற சின்னக் கம்பி வளையங்களில் ஒன்று இல்லை. முளை நகர்ந்துபோய்ச் சிலிண்டர் சுவரை நகத்தால் கீறியதுபோல் கீறியிருந்தது. வெல்டர் பிஸ்டனைக் கையில் எடுத்து ஆட்டினார். முளை பாதிக்கு மேல் வெளியே எட்டிப் பார்த்தது.

"எத்தனாவது வளைவுல போயிருக்கும்?" என்றார்.

மச்சினன் எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து, முகத்தைக் கழுவாமல், ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

துருப்பிடித்த சின்ன என்ஜின் மூலையில் இருந்தது. "அதத்தான் போடணும். ஆறு வாரம்" என்றார் காதுக்காரர். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் அவர் உட்காரவில்லை. பத்து மாதம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். காய்ச்சலுக்குப் பிறகு எத்தனை தடவை சுத்தம் என்று சொன்னேன்? பெரும்பாலும் பழுது பார்த்த வண்டிகள். அவற்றை மெதுவாகத் திரும்ப அழைக்கலாம். முழுசாக ஒரு என்ஜினைத் தேர்ந்தெடுத்து மாட்டியது இரண்டில்தான். ஒன்று இதோ தரையில் பிரிந்து கிடக்கிறது.

வேன்காரருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, சொல்லுங்க. நம்ம தம்பி பந்தயத்துல ஜெயிச்சிட்டானா?"

"நாளைக்கு வேன எடுக்காதப்பா. பட்டறைக்குக் கொண்டா. என்ஜினப் பிரிச்சுப் பாக்கணும்."

"ஏன், என்னாச்சு?"

"எனக்குக் காது சரியில்ல. அன்னிக்கு நான் சொன்னத நம்ப முடியாது."

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "உங்க காதையே நீங்க நம்பலன்னா நாங்கல்லாம் எங்க போறது? வண்டி பட்டு மாதிரி ஓடுது. லேசா ஒரு சத்தம் இருக்கு, அது ஆரம்பத்துலேர்ந்தே இருக்கு, நீங்க கேட்டு ஓகே பண்ணதுதானே. முப்பத்திரண்டு புள்ளைங்கண்ணே. நான் லீவு போட்டா அவங்க அம்மாமார் என்னைய உரிச்சுத் தொங்கவிட்டுருவாங்க."

"சத்தம் எப்படி இருக்கு? ரெண்டு ரெண்டாத் தட்டுதா?"

"யாரு அதையெல்லாம் எண்ணிக்கிட்டு இருக்கிறது! நீங்க நல்லாத் தூங்கி எந்திரிங்கண்ணே, எல்லாம் சரியாகிடும்." போன் வைக்கப்பட்டுவிட்டது. மறுபடி போட்டார், எடுக்கவில்லை.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு வேன் பாலத்தை நோக்கி ஏறுவதற்கு முன்னால் திரும்புகிற முனையில் அவர் நின்றார். பக்கத்தில் மனைவி நின்றாள். அவர் மணிக்கட்டை அவள் பிடித்திருந்தாள். ஆள்காட்டி விரல் மட்டும் தூக்கியபடி இருந்தது.

மஞ்சள் வேன் தெருக்கோடியில் தெரிந்தது. ஜன்னல்களில் சின்னச் சின்னத் தலைகள். என்ஜினின் உறுமல் அவருக்குக் கேட்டது: கனமாக, வட்டமாக, சுத்தமாக. அவர் நடுரோட்டில் இறங்கி இரண்டு கையையும் தூக்கியபோது அவளும் பிடியை விடாமல் கூடவே இறங்கினாள். வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே வந்தார்.

காதுக்காரர் வேனைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் இறங்கியது. இரண்டு தட்டு. இடைவெளி.