சூடு தெரியாத கை

அவரை எல்லாரும் பளபளா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்களே, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்த டிரெய்லர் வண்டி, அதைச் செப்பனிடுகிற பட்டறையில் பாலீஷ் போடுகிறவர். அந்த வண்டிகளுக்கு வெளி உடம்பு ஃபைபர். ஃபைபருக்கு மேல் ஜெல்கோட் என்று ஒரு பூச்சு, நகக் கனம்கூடத் தேறாது. வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்கில் கிடந்தால் அதன் மேல்தோல் செத்து, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிடும். தெரியாத்தனமாகச் சாய்ந்தால் சட்டையெல்லாம் மாவு.

அந்தச் செத்த தோலை மட்டும் எடுத்துவிட்டு, அடியில் இருக்கிற நல்ல தோலைக் காப்பாற்றுவதுதான் பளபளாவின் பிழைப்பு. காம்பவுண்டு என்கிற தேய்ப்புப் பசையைத் தடவி, கம்பளி பேட் மாட்டிய மிஷினை இரண்டு கையாலும் பிடித்து ஓட்ட வேண்டும். ஒரே இடத்தில் கொஞ்சம் அசந்து நின்றால் சூடேறிவிடும். சூடேறினால் பூச்சு வெந்து மஞ்சளடிக்கும். இன்னும் நின்றால் ஃபைபர் நூல் பல்லைக் காட்டும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் அந்தப் பூச்சு திரும்பாது. அதனால் நிறுத்தி நிறுத்தி உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் ஓட்டலாம். சுள்ளென்றால் விலகிவிட வேண்டும்.

அந்தக் கைதான் அவரைக் கைவிட்டது.

முதலில் காலையில் விரல் நுனி வெளுத்துக் குத்தியது. தூக்கத்தில் கை மேல் ஒருக்களித்துப் படுத்திருப்போம் என்று உதறிவிட்டுப் போனார். பிறகு சட்டைப் பொத்தான் அகப்படவில்லை. பொத்தானைத் திட்டினார். கடைசியில் டாக்டரிடம் போனார். டாக்டர் ஊசியால் விரலைக் குத்திக்கொண்டே, "குத்துதா?" என்று கேட்டார்.

"ஆரம்பிங்க டாக்டர், சொல்றேன்," என்றார் பளபளா.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "மிஷின் ஆடின ஆட்டத்துல நரம்பு கெட்டுப்போச்சுங்க. இனிமே அதைத் தொடாதீங்க."

"அதானே சார் என் வேலை."

"வேற வேலை பாருங்க."

சட்டையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுபோல் சொன்னார். அவர் மேல் தப்பில்லை, வெளியே ஒரு வரிசை ஆள் காத்திருந்தது. பளபளா வீட்டிலும் சொல்லவில்லை, பட்டறையிலும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? மிஷினைப் பிடுங்கிக்கொள்வார்கள். மீசை முளைக்கும் முன்னே பிடித்த மிஷின். வேறு எதுவும் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றியதில்லை.

போன மாதம் ஒரு வண்டியின் மூக்கு வளைவைக் கருக்கிவிட்டார். முதலாளி குனிந்து பார்த்தார், நிமிர்ந்து இவரைப் பார்த்தார்.

"என்னய்யா பளபளா, தோசை சுட்டியா?"

"கவனம் தப்பிருச்சு முதலாளி."

"இன்னொரு தடவை தப்புச்சுன்னா மிஷினை வேற ஆள்கிட்ட கொடுத்துருவேன். பழகின முகம்னு பாக்க மாட்டேன்."

அதிலிருந்து பளபளா மிஷினை ஓட்டியது ஓட்டுகிற மாதிரியே இல்லை, திருடுகிற மாதிரி இருந்தது. கையை வைப்பார், ஒன்றும் தெரியாது. கன்னத்தை வைத்துப் பார்ப்பார். யாராவது வந்தால் காது குடைவதுபோல் நடிப்பார்.

வீட்டில் அகப்பட்டது டீயால். மனைவி அடுப்பிலிருந்து இறக்கிய டம்ளரை மேடையில் வைத்துவிட்டு, பிடிக்கத் துணி தேடினாள். அதற்குள் இவர் டம்ளரை முழுக்கையால் பற்றி வாய்க்குக் கொண்டுபோய்விட்டார். உதடு சுட்டபிறகுதான் "ஆ" என்றார்.

அவள் துணியைக் கீழே போட்டாள். "கையைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத கையைத்தான் காட்டச் சொல்றேன்."

உள்ளங்கை சிவந்து கிடந்தது. அவள் கிள்ளினாள். அவர் சும்மா நின்றார். இன்னும் அழுத்திக் கிள்ளினாள். அப்புறம் அவளே கையை எடுத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

"எத்தனை நாளா இப்படி? ஊருக்கெல்லாம் சொல்லிட்டு எனக்குக் கடைசியா சொல்லலாம்னு இருந்தீங்களா?"

"யாருக்குமே சொல்லலடி."

"அது இன்னும் மோசம்." டாக்டர் சொன்னதையெல்லாம் அவர் வாயிலிருந்து பிடுங்கினாள். "விட்டுத் தொலைங்க அந்த வேலையை."

"விட்டுட்டு? உன் தையல் மிஷினுக்கு எண்ணெய் விடவா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். குரல் உடைந்துவிட்டது. அதைக் கேட்டபிறகு அவளாலும் அழுத்திச் சொல்ல முடியவில்லை. பட்டறையில் ஒரு பஸ் டிரைவருடைய டிரெய்லர் நிற்கிறது, வேலையிலிருந்து ஓய்வு பெற்று சம்சாரத்தோடு கிளம்பக் காத்திருக்கிறார், அதை மட்டும் முடித்துவிடுகிறேன் என்றார். அப்படியானால் நானும் வருகிறேன் என்றாள். நீ எதற்கு என்றார்.

"உங்களுக்குத்தான் கை இல்ல. எனக்கு இருக்கே."

மறுநாள் சாப்பாட்டுக் கூடையோடு வந்து நின்றாள். பட்டறையில் ஃபைபர் கிழிசல் ஒட்டுகிறவன் ஒருத்தன் உண்டு, பேரே ஒட்டு. அவன் வாய் சும்மா இருக்குமா?

"என்ன அண்ணி, அண்ணன் மிஷினோட ஓடிப்போயிருவாருன்னு காவலா?"

"ஆமா தம்பி. போனா போகட்டும், கூடையை யாரு கொண்டுவருவான்னுதான் கவலை."

ஒட்டு சிரித்துக்கொண்டே போனான். ஏன் வந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. முதலாளி அன்று காலை வெளியே போயிருந்தார்.

மிஷின் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் சட்டையைப் பிடித்து இழுத்தால் விலகு, முதுகில் தட்டினால் ஓட்டு என்று வைத்துக்கொண்டார்கள். பளபளா ஓட்டுவார், எடுப்பார். அவள் உள்ளங்கையை வைப்பாள். தட்டுவாள். மறுபடியும் ஓட்டுவார். வெளுத்த பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நீலக் கோடு எழுந்து வந்தது. கண்ணாடி மாதிரி ஆன இடத்தில் அவள் முகமே தெரிந்தது. அவள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். பளபளாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. உச்சி வளைவுக்கு ஸ்டூல் போட்டு ஏறினார், அவளுக்கும் ஒரு ஸ்டூல் போட்டார். மிஷின் பிடிக்க ஆரம்பித்த காலத்தில்கூட இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை என்று நினைத்தார். அவள் சட்டையை இழுக்கும்போதெல்லாம் விலகினார். இழுக்கிற கை எப்படி இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் முதலாளி வந்தார். வண்டியைச் சுற்றி நடந்தார். வளைவில் தடவினார், ஓரத்தைத் தடவினார், கண்ணை இடுக்கிச் சாய்வாகப் பார்த்தார்.

"யோவ்! கை திரும்பிருச்சுய்யா உனக்கு! சுவரோரம் நிக்கிற வரிசை முழுக்க இனி உன்னோடதுதான். திங்கக்கிழமை ஆரம்பி."

பளபளா தலையாட்டினார். மனைவி அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"முதலாளி," என்றாள். "அவர் கை திரும்பல. இதுதான் இன்னைக்கு வேலை பாத்த கை."

நீட்டினாள். உள்ளங்கை முழுக்கக் கன்றிப்போய், விரலடியில் கொப்புளம் இரண்டு. பளபளாவே அப்போதுதான் பார்த்தார். மத்தியானம் அவள் கரண்டியால் சாப்பிட்டது அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் சொன்னதையெல்லாம் அவள் ஒன்று விடாமல் சொன்னாள். முதலாளி பளபளா பக்கம் திரும்பினார்.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா மிஷினை வாங்கிருவீங்க."

"ஆமா. வாங்கத்தான் செய்வேன்." முதலாளி போய் பிளக்கைப் பிடுங்கினார். ஒயரைச் சுற்றி மிஷின் மேல் வைத்து, ஒட்டுவைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். கெட்ட மனுஷன் இல்லை. "நீ தண்ணி அடிச்சுக் கழுவுற வேலையைப் பாரு. வெளியே அனுப்ப மாட்டேன்," என்றார். ஒட்டு மிஷினைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றான். அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு நடந்தார்கள். கூடையை அவர் வாங்கிக்கொண்டார்.

"எரியுதா?"

"எரியாம?"

"ஏன் சொன்னே?"

"பின்னே, சுவரோரம் நிக்கிற அத்தனைக்கும் என் கையை வைக்கணுமா?"

கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தார், கோபம் வரவில்லை. மருந்துக் கடையில் களிம்பு வாங்கினார். மூடியைத் திறக்க அவருக்கு விரல் ஒத்துழைக்கவில்லை, அவளுக்குக் கொப்புளம். கடைக்காரர்தான் திறந்து கொடுத்தார்.

திங்கட்கிழமை பளபளா குழாயைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். முதல் வண்டி ஒரு டீச்சரம்மாவுடையது. வெளுத்து, எலும்பு நிறத்தில் இருந்தது. அழுக்குப் போகத் தண்ணீர் அடித்தார். ஈரம் பட்ட இடமெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாய், கடையில் இருந்து இறக்கிய மாதிரி ஜொலித்தது. டீச்சரம்மா பின்னால் வந்து நின்று வாயைப் பிளந்தார்.

"அட, இவ்வளவுதானா? தண்ணியிலேயே புதுசாயிருச்சே! இதுக்குப் போய் மிஷின் எல்லாம் எதுக்குங்க?"

பளபளா குழாயை அடைத்தார்.

"காயட்டும்மா," என்றார்.

வெயில் நன்றாக இருந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நிற்க, கூரைப் பக்கத்திலிருந்து ஈரம் இறங்க இறங்க, வெளுப்பு மறுபடியும் வந்துகொண்டிருந்தது. ஷெட்டுக்குள் ஒட்டு மிஷினைப் போட்டுப் பார்க்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் அதிகமாக அழுத்துகிறான் என்று பளபளாவுக்குப் பட்டது. கூப்பிட்டுச் சொல்லலாமா என்று பார்த்தார். அந்தச் சத்தத்தில் கேட்காது.