கேட்டு வாங்கிய திட்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, துர்கா பூஜைப் பந்தலுக்காக மூங்கில் வந்து இறங்கிக்கொண்டிருந்த சமயம். கொல்கத்தா பாலிகஞ்சில் உள்ள எங்கள் ஃப்ளாட்டில் திடீரென்று சத்தமே இல்லாமல் போனது. கல்யாணமாகி இருபத்தாறு வருடங்களில் நானும் கணவரும் சண்டை போடாத நாளே கிடையாது. காபி ஆறிப்போனது, ஃபேனை அணைக்காமல் போனது என்று எதற்கும் போடுவோம். "உங்க தமிழ் கேட்டாத்தான் எனக்கு மணி எட்டு" என்று எதிர் ஃப்ளாட் வங்காளிப் பெண்மணி கேலி செய்வார்.

அவருக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று, இனி குரலே உயர்த்துவதில்லை என்று முடிவு செய்தேன். எல்லாம் பயம்தான். நான் திட்டி, அதுவே அவரிடம் நான் பேசிய கடைசிப் பேச்சாகிவிட்டால்? உடனே ஒன்றும் ஆகிவிடாது என்று டாக்டர் சொல்லியும் மனம் கேட்கவில்லை.

அவர் என்ன சொன்னாலும் "சரிங்க" என்றேன். கீமோ முடிந்த மறுநாளே ஆபீஸ் போகிறேன் என்றார். அதற்கும் சரி. அவரும் காபி கொடுத்தால் "தேங்க்ஸ்" சொல்ல ஆரம்பித்தார். ஊரிலிருந்து போனில் பேசிய சொந்தக்காரர்கள் என் பொறுமையை மெச்சினார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாவது கீமோவுக்காக ஆஸ்பத்திரியில் காத்திருந்தோம். பக்கத்தில் வயதான ஒரு வங்காளித் தம்பதி. சிகிச்சைக்கு வந்த கணவர் பழைய ரிப்போர்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டாராம். அந்த அம்மா பிடி பிடி என்று பிடித்துக்கொண்டிருந்தார். அவரும் சளைக்காமல் பதில் சொன்னார்.

"பாவம், இந்த நேரத்துலயுமா இப்படித் திட்டுவாங்க?" என்றேன்.

"கொடுத்து வெச்ச மனுஷன்" என்றார் என் கணவர். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "மூணு நாளா வேணும்னேதான் ஈரத்துண்டைக் கட்டில்ல போட்டேன். நீ ஒண்ணுமே சொல்லாம எடுத்துட்டுப் போற. நான் போயிடுவேன்னு முடிவே பண்ணிட்டியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம்.

"வேணும்னே போட்டீங்களா? மெத்தை நாறுது! இந்த ஊர் மழையில அதை எங்கே கொண்டுபோய்க் காய வைக்கறது?" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. நர்ஸ் வந்து அமைதியாக இருக்கச் சொன்னார். பக்கத்து அம்மா தன் சண்டையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். என் கணவர் சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு அப்படிச் சிரித்தார். நான் அழுதுகொண்டே திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. ரிசல்ட் வரும் நாளில் இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருப்போம். அன்றும் ஏதாவது ஒன்றுக்கு மல்லுக்கு நிற்போம். அன்பு என்று நினைத்து நான் காட்டிய பொறுமை, அவருக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் காட்டும் மரியாதையாகத் தெரிந்திருக்கிறதே என்று நினைத்தால், இன்றும் மனம் கூசுகிறது.