விடிவதற்கு முன்பா, பின்பா

சடையன் இறந்துவிட்டார். வெள்ளக்கடை ஊருக்கு மேலே, அந்தச் சரிவு வீட்டிலிருந்து அவர் மகன் பெருமாள் சற்றுமுன் போன் செய்தார்.

உங்களில் பெரும்பாலோருக்கு அவரைத் தெரியாது. சாமையும் கொஞ்சம் காப்பியும் பயிரிட்ட மலை விவசாயி. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஏற்காட்டில் பூகோள ஆசிரியை. சென்சஸ் டூட்டி என் தலையில் விழுந்தபோது எனக்கு வழி காட்ட வந்தவர்.

வீடுகளைக் குறித்து ஒரு வரைபடம் வரைய வேண்டும். எம்.ஏ. படித்த கையால் நான் வரைந்ததை, எழுத்தறியாத அவர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சரம்மா, ஓடைய மேட்டுல ஏத்தி உட்டுட்டீங்களே... தண்ணி எப்படிங்க ஏறும்?"

அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன்.

நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் தன் பெயர்ப்பட்டியலை நீட்டினார். "இதப் பாத்து எழுதிக்குங்க மேடம், எதுக்கு வெய்யில்ல அலையறீங்க?" எனக்கும் ஆசைதான்.

வெளியே வந்ததும் சடையன் கேட்டார். "அதுல வேலைக்கு வர்றவங்க மட்டுந்தானுங்க இருப்பாங்க. கெழடு கட்டையும் கொழந்தைகளும் கணக்குல வராதுங்களா?"

தொழிலாளர் வீடுகளில் ஒவ்வொரு கதவாகத் தட்டினோம்.

அவர் வீட்டுக்குக் கடைசியாகப் போனோம். கடைக்குட்டி ராமாயிக்கு ஐந்து வயது. என் பேனா மூடியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

"குடு கண்ணு, டீச்சரம்மா போவோணும்."

"எம் பேர எழுதியாச்சா?"

எழுதிய இடத்தைக் காட்டிய பிறகுதான் மூடி திரும்பி வந்தது.

சென்சஸில் ஒரு விதி உண்டு. மார்ச் முதல் தேதி சூரிய உதயத்தில் உயிரோடு இருந்தவர்களே மக்கள்தொகை. அதற்கு முன் இறந்தவர் பெயரை அடித்துவிட வேண்டும். பின்னர் இறந்தவர் பெயர் நிற்கும். இதைச் சரிபார்க்க மறுபடியும் எல்லா வீடுகளுக்கும் போக வேண்டும்.

போனேன். ராமாயி இல்லை.

காய்ச்சல்... முதல் பஸ்ஸைப் பிடிக்கச் சடையன் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். பாதி வழியில் முடிந்துவிட்டது. அதே முதல் தேதி.

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். விடிவதற்கு முன்பா, பின்பா?

அவர் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார்.

"பின்னாடின்னா பேரு இருக்குங்களா?" என்றார் சடையன்.

"இருக்கும்."

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வழியில் வேறு சாட்சியும் கிடையாது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முன்னாடிதானுங்க. கோழி கூப்புடல."

அடித்தேன். ஸ்கேல் வைத்து, நேர்கோடாக.

பத்தாண்டு கழித்து அடுத்த சென்சஸ். அந்தப் பகுதியை வேறொருவருக்குத் தள்ளியிருக்கலாம்... தள்ளவில்லை. சடையன் வாசலில் நின்று வீட்டிலிருந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"அவ்வளவுதானா?"

"நீங்க எழுதறதுக்கு அவ்ளோதானுங்க டீச்சரம்மா."

ஏற்காட்டைப் பற்றி யார் எழுதினாலும் மலையின் உயரம், மழையளவு, காப்பிச் செடி கொண்டுவந்த வெள்ளைக்காரர் என்று வரிசையாக வரும். கடைசியில், மக்கள்தொகை என்று ஓர் எண்.

என் பகுதியைப் பொறுத்தவரை அந்த எண் சரியானது. எனக்குத் தெரியும்.

இன்று பெருமாளிடம், "எப்போது?" என்று மட்டும்தான் கேட்டேன்.

"விடிஞ்சு நொம்ப நேரம் ஆச்சுங்க. கஞ்சி குடிச்சுட்டு வெய்யில்ல உக்காந்திருந்தாருங்க. அப்புடியே..."

போய் வாருங்கள், சடையன். உங்களுக்கு வழி காட்ட ஆள் வேண்டியதில்லை.