பலகை வேருக்கு மேலே

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு மழைக்காடு காற்றிலுள்ள காபனை உள்ளே இழுக்கிறதா, வெளியே விடுகிறதா என்று லண்டனில் உட்கார்ந்து கணக்கிடும் குழுவில் எனக்கு வேலை. வந்த அளவுகளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. அதாவது, எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கும்போது போய்க் கெடுப்பது.

ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் நெஞ்சு உயரத்தில் அளக்க வேண்டும். சில வருடங்கள் கழித்து மறுபடி அளந்தால் மரம் சேர்த்த காபன் தெரியும். செத்து விழுந்தவற்றைக் கழித்தால் காட்டின் கணக்கு. ஆனால் பெரிய மரங்களின் அடியில் பலகை வேர்கள் சுவர்போல் விரிந்து, வருடாவருடம் மேலேறும். அங்கே நாடாவைச் சுற்றினால் வேரையும் நடுவிலுள்ள காற்றையும் சேர்த்து அளந்ததாகும். ஏணி வைத்து, வேருக்கு மேலே அளக்க வேண்டும். கையேட்டில் இருந்தது. காட்டையே பார்க்காத நான்தான் அதை எழுதினேன்.

அந்த வெள்ளிக்கிழமை, எங்கள் தலைவர் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு, காடு இழுக்கிறது என்று காட்டும் வரைபடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார். இரண்டாம் முறை அளந்தவள் என் பக்கத்து மேசைக்காரி, யாழ்ப்பாணத்துப் பெண். அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. அது நீண்டால்தான் விசாவும் நீளும்.

அவள் கொண்டுவந்த அளவுகளில் சில பெரிய மரங்கள் மட்டும் நம்ப முடியாதபடி பருத்திருந்தன.

"தங்கச்சி, உந்த மரங்களுக்கு ஏணி வைச்சனீரோ?"

அவள் நிமிரவில்லை. "ஏணி ஆத்தோட போயிட்டுது அண்ணை. முதல்தரம் அளந்த ஆக்கள் போட்ட பெயின்ற் அடையாளத்திலதான் நாடாவைச் சுத்தினனான்."

"வேர் அதுவரைக்கும் ஏறியிட்டுதோ?"

"ஓம்." பிறகு அவளே கேட்டாள். "அதுகளைக் கணக்கில இருந்து எடுத்துவிட்டா?"

எடுத்துப் பார்த்திருந்தேன். "காடு இழுக்குதோ விடுதோ எண்டு சொல்லேலாது."

"என்னை வெளியில விடுது எண்டு மட்டும் சொல்லலாம்."

நான் சிரிக்கவில்லை. "நான் போய்ச் சொல்லட்டோ?"

"வேண்டாம். சுத்தினது நான்."

தலைவரின் அறைக்குக் கண்ணாடிக் கதவு. அவள் நின்றுகொண்டே பேசினாள். அவர் வரைபடத்தைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். எழுந்து ஜன்னலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முதுகைப் படிக்கக் கையேடு கிடையாது.

அவள் திரும்பி வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மரங்களைக் கணக்கில இருந்து தூக்கட்டாம். கூட்டத்தில நிச்சயமில்லை எண்டு சொல்லப்போறாராம். திரும்ப அளக்கவேணுமாம்."

"ஆர் அளக்கிறது?"

"அதைச் சொல்லேல்லை."

கண்ணாடிக் கதவு திறந்தது. மடக்கு ஏணி என்ன பாரமிருக்கும் என்று தலைவர் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அந்த அலுவலகத்தில் அதை நான் அடிக்கடி சொன்னதில்லை.

"விசாரித்து வையுங்கள்," என்றார், அவளைக் காட்டி. "இவரால் தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும்."

அதன் பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.